மாங்காய் மீன் குஞ்சு பொரித்த தீபாவளி

தம்பி அமெரிக்காவுக்குக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் என்னிடம் கடைசியாகப் பேசியது மீனைப் பற்றித்தான். "வாரத்துக்கு ஒரு கேன் தண்ணி மாத்திடுக்கா. குழாய்த் தண்ணிய மட்டும் நேரா ஊத்திடாத" என்றான். பக்கத்தில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கம்ப்யூட்டர் படித்த பையன்களை வெளிநாட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போன காலம் அது. பெங்களூரில் எங்கள் மர்பி டவுன் தெருவிலிருந்து அப்படிப் போன முதல் ஆள் அவன்தான்.

அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் இனி நானும் அம்மாவும்தான், கூட அந்தத் தொட்டியும். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. முன்னறையில் டி.வி. இருந்த மேஜையை அது பிடித்துக்கொண்டதால் டி.வி. ஒரு ஸ்டூலுக்கு இறங்கியிருந்தது. அதில் இருந்தவை கடல் மீன்கள். பெங்களூரில் கடலுக்கு எங்கே போவது? சிவாஜி நகரில் ஒரு மீன் கடைக்குச் சென்னையிலிருந்து வேனில் கடல் தண்ணீர் வரும். சனிக்கிழமைகளில் நான் போய் ஒரு கேன் வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வருவேன். "இன்னாம்மா அது, கெரசினா?" என்று டிரைவர் கேட்பார். கடல் தண்ணீர் என்று சொன்னால் ஒருமுறை திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வீடு வரும்வரை எதுவும் கேட்க மாட்டார்.

தொட்டியில் ஆரஞ்சு நிற மீன் இரண்டும், தம்பி உயிரையே வைத்திருந்த வேறு இரண்டும் இருந்தன. அவை வெள்ளி நிற உடம்பில் மூன்று கறுப்புப் பட்டைகளும், நீளமான துடுப்புகளில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளுமாக இருக்கும். அவசரமே இல்லாமல் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருக்கும். பாங்காய் கார்டினல் என்று தம்பி சொல்லிக்கொடுத்திருந்தான். அம்மாவின் காதில் அது மாங்காய் என்று விழுந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது மாங்காய் மீன்.

எனக்கு மீன்களின் மேல் ஆசை எதுவும் கிடையாது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். காலை ஏழரைக்கு அல்சூர் மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் திரும்ப மாலை ஆறரை ஆகிவிடும். அதற்கு மேல் அந்தத் தொட்டியின் முன்னால் நின்று கண்ணாடி துடைப்பதும், இறால் நறுக்கிப் போடுவதும் தம்பிக்காகச் செய்த வேலை, அவ்வளவுதான். அவன் போய் ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

ஒரு ஆடி மாதம், மாங்காய் மீனில் ஒன்று சாப்பாட்டை நிறுத்திவிட்டது. இறாலைப் போட்டால் கிட்டே வரும், பார்க்கும், திரும்பிக்கொள்ளும். தாடைக்குக் கீழே புடைத்துக்கொண்டிருந்தது. நான்கு நாள் பார்த்தேன். "தொண்டையில என்னவோ கட்டி. மத்ததுக்கும் ஒட்டிக்கப் போவுது, தனியா எடுத்து வை" என்றாள் அம்மா. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வலையைப் போட்டு அதைத் துரத்தினேன். தொட்டியின் மூலைக்கு ஒதுக்கிப் பிடிக்கப் போன நேரத்தில் அது வாயைத் திறந்து எதையோ துப்பியது. உருண்டையாக, ஆரஞ்சு நிறத்தில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கொத்து. அது கீழே மணலைத் தொடுவதற்குள் மற்ற மீன்கள் பாய்ந்துவிட்டன. நான் வலையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். நாங்கள் எல்லோரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கையிலிருந்த கேனைக் கீழே வைத்துவிட்டார்.

"வலை போட்டீங்களா மேடம்? அது முட்டை. பயந்தா துப்பிடும்."

"வாயில எப்படி பாய் முட்டை வரும்?"

"பொம்பளை மீனு போடும். ஆம்பளை மீனு வாயில வாங்கி வெச்சிக்கும். குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் ஒரு மாசம், ஜாஸ்தியும் ஆவும். அது வரைக்கும் ஒண்ணுமே துன்னாது. என் கடையில ஒரு தடவைகூட ஆனதில்ல. உங்க வீட்ல ஆயிருக்கு. போய் வலை போட்டீங்களே."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்ப ரொம்ப நேரம் ஆயிற்று. "அப்பன்காரனா பட்டினி கிடக்கிறான்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிறகு, "உங்கப்பாவுக்குச் சோறு பத்து நிமிஷம் லேட்டானா தட்டு பறக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி போன் செய்வான். அம்மா முதலில் பேசுவாள், சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், அது ஒரு சாப்பாடா என்று. பிறகு என்னிடம் வரும்போது அவன் மீனைப் பற்றிக் கேட்பான். அந்த வாரம், "நல்லா இருக்குடா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்தபிறகு எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. அதுவரை கடனே என்று பார்த்துக்கொண்டிருந்த மீனை, அன்றிலிருந்து வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

பிள்ளையார் சதுர்த்தி முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடியும் அந்தத் தாடை புடைத்தது. இந்தத் தடவை அம்மாதான் முதலில் பார்த்தாள். நான் பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போது வாசலிலேயே நின்றிருந்தாள். "வாயில வெச்சிக்கினான்" என்றாள், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல.

சமையலறைக் காலண்டரில் அவள் ஒவ்வொரு நாளும் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். பாய் சொன்னபடி தையல் மெஷின் மேல் ஒரு சின்னத் தொட்டியைத் தயார் செய்தேன். குஞ்சுகள் ஒளிந்துகொள்ள முள்முள்ளாக ஏதாவது வேண்டுமாம். கடலில் முள் நிறைந்த ஒரு பிராணிக்கு நடுவே இவை ஒளியுமாம். அதற்கு நாங்கள் எங்கே போக? அம்மா கடைத்தெருவுக்குப் போய், தரை தேய்க்கும் கறுப்பு பிளாஸ்டிக் பிரஷ் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்து, மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, முள் மேலே பார்க்கும்படி அடியில் வைத்தாள். தொட்டி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கு வந்த பாய், "யாரு ஐடியா மேடம்? ரொம்ப நல்லா இருக்கு" என்றார். அம்மா அதைப் பல பேரிடம் சொல்லிவிட்டாள்.

இருபத்து நான்காவது கோடு போட்ட அன்று விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் இறக்கி, மீன் தானாக உள்ளே வரும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தேன். தோள் மரத்துப்போனது. அது டப்பாவுக்குள் வந்ததும் தண்ணீரோடு எடுத்துச் சின்னத் தொட்டியில் விட்டேன். துப்பவில்லை. ஆனால் ஆள் பாதியாக இளைத்திருந்தது. வயிறு உள்ளே ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

ஐந்தாவது நாள் காலையில் பிரஷ் முட்களுக்கு நடுவே ஏதோ மினுங்கியது. குனிந்து பார்த்தேன். அரிசி மணி அளவுக்குக் குஞ்சுகள். அவ்வளவு சின்ன உடம்பிலும் அதே மூன்று கறுப்புப் பட்டைகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தகப்பன் மீன் கொட்டாவி விடுவது போல் வாயைத் திறக்க, இன்னும் இரண்டு வெளியே வந்தன. அம்மாவைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று நான் பஸ்ஸை விட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டு என்று எண்ணினோம். தகப்பனைப் பெரிய தொட்டிக்கு மாற்றி இறால் போட்டபோது அது சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குஞ்சுகளுக்குத் தனிச் சாப்பாடு. பாய் ஒரு டப்பா கொடுத்தார். அதிலிருந்த பொடியை உப்புத் தண்ணீரில் போட்டு, கவிழ்த்த கூல்டிரிங்க் பாட்டிலில் ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதவிட்டால், ஆரஞ்சுத் தூசி மாதிரி உயிருள்ள பூச்சிகள் பொரியும். சமையலறை முழுக்கக் கருவாட்டு வாடை. காலையில் நான் போடுவேன், மத்தியானம் அம்மா, மாலையில் மறுபடியும் நான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது டியூப் லைட் பளிச்சென்று எரிய, எட்டுக் குஞ்சுகள் துடித்து, சுழன்று, அடியில் விழுந்து செத்தன. சத்தமோ திடீர் வெளிச்சமோ பட்டால் இவை பயத்திலேயே உயிரை விட்டுவிடும் என்று பாய் பிறகுதான் சொன்னார். அன்றே டியூப் லைட்டைக் கழற்றி வைத்தோம். ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று மட்டும் எந்நேரமும் எரிந்தது. நடக்கும்போது காலைத் தேய்க்காமல் நடந்தோம், பேச்சையும் குறைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் அம்மா காலண்டரைப் பார்த்தாள். தீபாவளிக்கு ஐந்து நாள்.

எதிர்வீட்டில்தான் எங்கள் தெருவிலேயே வெடி ஜாஸ்தி. அந்த வீட்டின் மூன்று மகன்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவார்கள், எங்கள் வாசலுக்கு நேராகத்தான் வெடிப்பார்கள். அந்த வீட்டம்மாளுக்கும் என் அம்மாவுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சு கிடையாது. தெருக்குழாயில் குடத்தை நகர்த்தி வைத்த தகராறு. அப்பாவின் திதிக்குக்கூட அவர்கள் வரவில்லை.

நான் போய்க் கேட்கிறேன் என்றேன். "நீ சும்னே இரு. நீ போனா மதிக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு அம்மா புடவையை மாற்றிக்கொண்டாள். நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள் அம்மா, வாசற்படிக்குக் கீழே நின்றபடி.

எதிர்வீட்டம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். "கேளு."

"வீட்ல குஞ்சு பொரிச்சிக்கிது. பசங்கள வெடிய ஏரிப் பக்கம் போய் வெடிக்கச் சொல்றியா?"

"கோழியா?"

"மீனு."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "மீனுக்குக் காது கேக்குமா?" என்று கேட்டாள்.

"வந்து பாரு" என்றாள் அம்மா.

நான்கு வருஷம் கழித்து அவள் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். தொட்டியின் முன்னால் உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. தகப்பன் மீன் ஒரு மாதம் பட்டினி கிடந்ததை அம்மா கிசுகிசுப்பான குரலில் சொன்னாள். "சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் எதிர்வீட்டம்மாள். கிளம்பும்போது, "இத்தினி நாளா நான் வந்து பேசணும்னுதான் இருந்தேன்" என்றாள். அம்மா ஒரு டம்ளர் காபியை நீட்டினாள்.

தீபாவளியன்று எங்கள் வாசலில் ஒரு வெடியும் வெடிக்கவில்லை. அந்த அம்மாளே தெரு முக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களையெல்லாம் அல்சூர் ஏரிப் பக்கம் விரட்டினாளாம். அப்படியும் விடியற்காலையில் பின் தெருவில் எவனோ ஒரு சரத்தைக் கொளுத்திவிட்டான். தொட்டியைச் சுற்றிப் போர்வை போட்டுப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஏழு போயின. அதற்குப் பிறகும் ஒன்றிரண்டாகக் குறைந்து, பொங்கலுக்குள் பதினான்கு நின்றன. அந்தப் பதினான்கும் பிழைத்துக்கொண்டன.

இனிப் பயமில்லை என்று தெரியும்வரை அம்மாவையும் போனில் சொல்ல விடாமல் வைத்திருந்து, அதன் பிறகுதான் தம்பிக்கு பிரவுசிங் சென்டரிலிருந்து மெயில் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரை அவன் காத்திருக்கவில்லை, மறுநாளே போன் வந்தது. "அக்கா, நெஜமாவா? போட்டோ எடுத்து அனுப்பு" என்றான். குஞ்சுகள் வெளிச்சத்துக்குப் பயப்படாத அளவுக்கு வளர்ந்தபிறகு எடுத்து, ஸ்கேன் செய்து அனுப்பிய படத்தில் கண்ணாடியும் என் பிளாஷ் வெளிச்சமும்தான் தெரிந்தன. அதையும் ஆபீஸில் எல்லோரிடமும் காட்டினானாம்.

அடுத்த மழைக்காலத்தில் அவன் திரும்பி வந்துவிட்டான். அங்கே வேலைகள் போக ஆரம்பித்திருந்தன, அவனுடையதும் போனது. வந்து முதல் இரண்டு நாளும் தூங்கினான். எதிர்வீட்டம்மாள் எட்டிப் பார்த்தபோது, லீவில் வந்திருக்கிறான் என்றாள் அம்மா. மூன்றாம் நாள் நான் பீன்யாவிலிருந்து வந்தபோது பெரிய தொட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். குஞ்சுகளில் சிலவற்றைப் பாயிடம் கொடுத்திருந்தோம். மற்றவை பெற்றவர்களின் அளவுக்கு வளர்ந்து ஒன்றாக மிதந்துகொண்டிருந்தன.

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் தடவை வலை போட்டுக் கெடுத்ததைச் சொன்னேன். சொல்லாமல் மறைத்ததையும் சொன்னேன்.

"போனா போவுது விடுக்கா. நானா இருந்தாலும் வலைதான் போட்டிருப்பேன்" என்றான். கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து, "இதுல அப்பன் எது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே, "அந்த மேல் துடுப்பு கிழிஞ்சது" என்றாள்.

அடுத்த நான்கு மாதம் அவன் வீட்டில்தான் இருந்தான். விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டருக்குப் போவதைத் தவிர வெளியே போகவில்லை. அந்த மார்கழியில் மேல் துடுப்பு கிழிந்த மீனின் தாடை மறுபடியும் புடைத்தது. காலண்டரில் கோடு போடும் வேலையைத் தம்பி எடுத்துக்கொண்டான். குஞ்சுகள் வெளியே வந்துகொண்டிருந்த காலையில் ஒரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமையே சேர முடியுமா என்று கேட்டார்கள். அவன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வாரம் டைம் வேணும் சார், வீட்ல கொஞ்சம் வேலையிருக்கு" என்றான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கம்பெனிக்காரர்கள் சரி என்றுவிட்டார்கள். அந்த ஒரு வாரம் நானும் லீவு போட்டேன். அடுத்த வருஷம் அவனுக்கும், அதற்கடுத்த வருஷம் எனக்கும் கல்யாணமாகி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். மூன்று பேரும் ஒரே வீட்டில், ஒரே பல்பு வெளிச்சத்தில், எந்த அவசரமும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது அந்த வாரத்தில்தான்.