தாளில் எழுதாத நாடி: ஈப்போவில் ஐந்து நாள்

வியாழன், காலை ஒன்பது மணி. கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஈப்போவுக்குப் புறப்படும் மின்ரயிலில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கட்டணம் நாற்பத்தாறு ரிங்கிட். தூரம் சுமார் இருநூறு கிலோமீட்டர். முந்தின நாள்தான் திருச்சியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தேன். கோவில்பட்டியை விட்டு நான் கடல் தாண்டியது அதுவே முதல் முறை. ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக அல்ல. பல நாட்டு மருத்துவ மாணவர்களுக்காக ஈப்போவில் நடக்கும் ஒரு மாநாட்டுக்காக. அங்கே சொற்பொழிவுகள் குறைவு, கை வைத்துச் செய்து பார்ப்பதுதான் அதிகம் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தார்கள். அதற்காகவே விண்ணப்பித்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். கடைசி ஆண்டில் இருக்கிறேன். கேள்வி கேட்டால் பதில் சொல்வேன். செய்துகாட்டு என்றால் கை பின்வாங்கும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு கர்ப்பிணிக்கு டிரிப்ஸ் ஊசி ஏற்றப் போய் மூன்று முறை தவறவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. மெதுவாக, "வேற அக்கா யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பிறகு ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஒரு மணி நேரத்தில் தஞ்சோங் மாலிம் வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கூட்டமாக இறங்கிப் போனார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள்தான், பார்க்கிற தூரம் வரைக்கும். ஈப்போ நெருங்க நெருங்கச் சுண்ணாம்புக் குன்றுகள் தலைகாட்டின. வீடுகளுக்குப் பின்னால் திடீரென்று செங்குத்தாக எழும்பி, உச்சியில் மரங்களைச் சுமந்து நின்றன.

பதினொன்றரை மணிக்கு இறங்கினேன். வெள்ளைக் குவிமாடம் வைத்த பழைய நிலையம். வெளியே காத்திருந்த வாடகைக் கார் ஓட்டுநர் தமிழர். "பசியாறியாச்சா?" என்று கேட்டார். பசி தீர்ந்ததா என்று கேட்கிறார் என நினைத்து, "இல்லண்ணே, பசியில்ல" என்றேன். சிரித்துவிட்டார்.

"காலைச் சாப்பாட்டத்தான் நாங்க பசியாறுறதுன்னு சொல்வோம்மா. ஊர்லேர்ந்து வாரீங்களா?"

"ஆமாண்ணே. மாநாட்டுக்கு."

"படிக்கிற பிள்ளைங்களா. பன்னெண்டு வெள்ளி குடுங்க, போதும்."

ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்லும் ஊர் அது. விடுதி வாசலில் இறக்கிவிட்டு, எதிர்ப்புறக் கடையில் இடியாப்பம் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளி, காலை எட்டு மணி. மாநாடு நடந்தது ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில். பதினோரு நாடுகளிலிருந்து வந்திருந்தோம். ஒரு மேசையில் கோழித் தொடைகள், தையல் நூல், இடுக்கி. இன்னொரு மேசையில் ரப்பர் கைகள் வரிசையாக நீட்டிக்கொண்டு கிடந்தன. உள்ளே குழாய்களில் சிவப்புத் தண்ணீர் ஓடியது. தரையில் மார்பை அழுத்திப் பழகும் பொம்மைகள். சரியான ஆழத்துக்கு அழுத்தினால் பச்சை விளக்கு எரியும்.

எங்கள் குழுவுக்கு வழிகாட்டி பிரவின் என்ற உள்ளூர் மாணவன், மூன்றாம் ஆண்டு. அவன் தாத்தா காலத்தில் குடும்பம் காரைக்குடிப் பக்கமிருந்து வந்ததாம். ரப்பர் கையில் முதல் மூன்று முறையும் ஊசி வெளியேதான் போயிற்று. நான் சுற்றிலும் பார்த்ததைப் பிரவின் கவனித்திருக்க வேண்டும்.

"அக்கா, இது ரப்பர் லா. அழாது. இன்னும் அம்பது தடவ குத்துங்க" என்றான். பேச்சின் ஊடே 'லா' சேர்ப்பது அந்த ஊர் வழக்கம்.

ஐம்பது குத்தவில்லை. ஆனால் நான்காவது முறை ஊசியின் அடியில் சிவப்புத் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்பது முறை சரியாகப் போட்டிருந்தேன். மாலையில் இந்தோனேசியாவின் மெடான் நகர மாணவர்களோடு கோழிச்சோறும் முளைப்பயறும் சாப்பிடும்போது, பல மாதங்களுக்குப் பிறகு விரல்கள் என்னுடையவை போல் இருந்தன.

சனி, காலை ஒன்பதரை. அன்று குழுக்களுக்கிடையே போட்டி. பத்து அறைகள், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். சில அறைகளில் நோயாளியாக நடிக்க வெளியிலிருந்து ஆட்களை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன வலி, எப்போதிலிருந்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். மதிப்பெண் தாளும் அதை ஒட்டியே இருக்கும்.

நான்காவது அறையில் ஒரு தமிழ்ப் பெண் படுத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் சாந்தி, கையுறைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் வேலை என்றார். மூலையில் மதிப்பெண் போடும் டாக்டர் லிம் தாளோடு உட்கார்ந்திருந்தார். பித்தப்பைக் கல் நோயாளியாக சாந்தி அக்கா பிரமாதமாக நடித்தார். வலது விலாவுக்குக் கீழே கை வைத்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடித்தேன். பதினைந்து நொடியில் இருபத்திரண்டு துடிப்பு. ஆனால் அவை வரிசையாக வரவில்லை. இரண்டு அடுத்தடுத்து, பிறகு ஓர் இடைவெளி, பிறகு மூன்று, மறுபடியும் நீண்ட இடைவெளி. எந்த ஒழுங்கும் பிடிபடவில்லை.

"நாடி?" என்று கேட்டார் டாக்டர் லிம்.

என் விரலைத்தான் சந்தேகப்பட்டேன். பித்தப்பைக் கல்லுக்கு நாடி இப்படி இருக்காது. தாளில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"எண்பத்தெட்டு. சீராக இருக்கிறது" என்றேன்.

அவர் ஒரு கோடு போட்டார். மணி அடித்தது. அந்த அறையில் எனக்கு முழு மதிப்பெண்.

ஐந்தாவது அறையில் என்ன செய்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. ஆறாவது அறைக்கு முன்னால் தேநீர் இடைவேளை. கோப்பையை எடுத்தேன், குடிக்க முடியவில்லை. என் விரல் தவறியிருந்தால் ஒன்றுமில்லை. தவறவில்லை என்றால் அந்த அக்காவிடம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்திருக்கிறேன். தெரியாமல் போனதல்ல. தெரிந்தே பொய் சொன்னேன்.

பிரவினைத் தேடிப் பிடித்தேன். "நாலாவது அறை அக்கா எங்கே?"

"அவங்க செட் முடிஞ்சிருச்சுக்கா. வேன்ல ஏத்திட்டோம். சுங்கை சிப்புட் பக்கம் போகணும். ஏன்?"

வேனை நோக்கி ஓடினேன். அவனும் பின்னாலேயே வந்தான். கார் நிறுத்துமிடத்தில் வேன் உறுமிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டித் திறக்கச் சொன்னேன்.

"அக்கா, கையக் கொஞ்சம் குடுங்க."

"இன்னுமா எனக்கு வயித்து வலி?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார்.

வேன் படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். அதே தாறுமாறு. சந்தேகமே இல்லை.

"அக்கா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குமா?"

"அது பேப்பர்ல இல்லயே தங்கச்சி."

"பேப்பர விடுங்க. உங்களுக்கு இருக்கா?"

சிரிப்பு நின்றது. வேனில் இருந்த மற்றவர்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "இருக்கு. படி ஏறினா இருக்கு. வயசாச்சுன்னு விட்டுட்டேன். போன மாசம் ஒரு நாள் காப்பி குடிக்கும்போது இந்தக் கை மரத்துப் போயி கப்பு விழுந்திருச்சு. கா மணி நேரத்துல சரியாயிருச்சு லா. வீட்டுல சொல்லல."

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடித்தால் உள்ளே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். கால் மணி நேரம் கை மரத்துப் போனது அதன் முன்னறிவிப்பாக இருக்கலாம். பிரவினுக்கும் புரிந்துவிட்டது. "அக்கா, எறங்குங்க. டாக்டர பார்த்துட்டுப் போலாம்" என்றான்.

"சாயங்காலம் ஷிப்ட் இருக்கு தம்பி."

"அப்புறம் பார்த்துக்கலாம்க்கா. மொதல்ல வாங்க."

டாக்டர் லிம்மிடம் நான் ஆங்கிலத்தில் சொன்ன முதல் வாக்கியம், "நான் பொய் சொன்னேன்" என்பது. அவர் எழுந்து வந்து சாந்தி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். அரை நிமிடம் கழித்து, பக்கத்துக் கூடத்தில் பயிற்சிக்கு வைத்திருந்த இ.சி.ஜி. இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். தாள் நகர்ந்து வந்தது. துடிப்புகளின் இடைவெளி ஒன்றுபோல் ஒன்று இல்லை. பன்னிரண்டு மணிக்குள் டாக்டர் லிம்மே தன் காரில் சாந்தி அக்காவை மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போனார்.

மாலை நான்கு மணிக்குத் திரும்பி வந்தவர் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டப் போகிறார் என்றே போனேன்.

"காலையிலிருந்து ஐந்து பேர் அந்தக் கையைப் பிடித்தார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட நான் தொட்டுப் பார்க்கவில்லை" என்றார். பிறகு, "உன் மதிப்பெண்ணை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"அடித்துவிடுங்கள்."

அடித்துவிட்டார். எங்கள் குழு நான்காம் இடத்துக்கு இறங்கியது. விஷயம் தெரிந்த மெடான் மாணவர்கள் ஒரு தட்டு வறுத்த வாழைப்பழத்தை என் பக்கம் தள்ளிவைத்தார்கள்.

ஞாயிறு, காலை எட்டு மணி. பேருந்தில் வடக்கே போனோம். சுங்கை சிப்புட்டைத் தாண்டி, கோலா கங்சார் சாலையிலிருந்து பிரிந்து, பழைய தோட்டமொன்றின் மக்கள் குடியேறிய வீட்டு வரிசைகளுக்கு. ஈப்போவிலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும். ரப்பர் பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்து நெடுங்காலம் ஆகிறது. மாரியம்மன் கோயிலும் அதன் கூடமும் மட்டும் இடம் மாறாமல் நிற்கின்றன. அந்தக் கூடத்தில்தான் டாக்டர்கள் மேற்பார்வையில் நாங்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு.

வழக்கமாக நாற்பது பேர் வருவார்களாம். அன்று ஒன்பது மணிக்கே வரிசை கோயில் வாசலைத் தாண்டி நின்றது. சாந்தி அக்கா அந்த ஊர்க்காரர் என்பதும், செய்தி முந்தின இரவே வீட்டுக்கு வீடு போய்விட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. உட்கார்ந்தவர்கள் சட்டையை மடித்துக் கையை நீட்டும்போதே, "நாடியையும் பாத்துருங்க" என்றார்கள். மேசைக்கு ஒருவராக உட்கார்ந்து பார்த்தோம். நான் மட்டும் முப்பத்தொரு பேருக்குப் பார்த்தேன். ஒரு தடவைகூடச் சுற்றிலும் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை.

பதினொரு மணி வாக்கில் காவலாளி உடுப்பில் ஒருவர் வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தார். சாந்தி அக்காவின் கணவர் மாணிக்கம்.

"கப்பு விழுந்தத எங்கிட்ட சொல்லலம்மா" என்றார். "முப்பது வருசம் ஒண்ணா இருக்கோம். நேத்து வந்த பொண்ணுகிட்ட சொல்லிருக்கு."

"நீங்க பயந்துருவீங்கன்னு நெனச்சிருப்பாங்கண்ணே" என்றேன்.

"பயந்துதான் போனேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் கையயும் பாருங்க. நானும் ஒண்ணும் சொல்றதில்ல."

அவருடைய நாடி சீராக இருந்தது. ரத்த அழுத்தம்தான் அதிகம். மேற்பார்வை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மாத்திரைச் சீட்டை மாணிக்கம் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டார்.

திங்கள், பகல் பன்னிரண்டே முக்கால். ரயில் மூன்று மணிக்கு. மருத்துவமனையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் பிரவின் என்னை அழைத்துப் போனான். சாந்தி அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூளை ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றுமில்லையாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து தொடங்கியாயிற்று. நாளை வீட்டுக்கு விடுவார்கள்.

"ஷிப்ட்டு என்னாச்சுக்கா?" என்றான் பிரவின்.

"சூப்பர்வைசர் போன் பண்ணுச்சு. ரெண்டு வாரம் லீவு. வீட்டுல சும்மா உக்காந்து என்ன செய்யப் போறேனோ." பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த வருசமும் நடிக்க வாரேன்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். வேற வியாதி குடுக்கச் சொல்லிருக்கேன்" என்றார்.

மூன்று பேரும் சிரித்தோம். அப்போது பக்கத்துக் கட்டிலில் இருந்த வயதான மலாய் அம்மாள் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. சாந்தி அக்கா மலாயில் பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்கதான் அந்தப் பொண்ணான்னு கேக்குறாங்க."

அந்த அம்மாள் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் அங்கே மருத்துவர் இல்லை, அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய அந்த வார்டில் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லியிருக்கலாம். நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன். மெல்லிய தோல், சூடான கை. ஒரு நிமிடம் முடியும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துடிப்பு ஒரே சீராக ஓடியது.

எனக்குத் தெரிந்த நாலைந்து மலாய்ச் சொற்களில் 'நல்லது' என்பதற்கானது ஒன்று. "பாகுஸ்" என்றேன். கையை உடனே எடுத்துக்கொள்ளவில்லை அவர். நானும் விடவில்லை.

மூன்று மணி ரயில் ஐந்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. குன்றுகள் பின்னால் போய், மறுபடியும் செம்பனை தொடங்கியது. எங்கள் கல்லூரி வார்டுகளை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு கட்டிலுக்கு இருபது மாணவர்கள். நோயாளிகள் எங்களைப் பார்த்ததும், யாரும் கேட்காமலே, கையை நீட்டுவார்கள். நான்கு வருடமாக அதை, நம்பி அல்ல, ஏதோ பழக்கத்தில் செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.