எட்டு மான்களும் என் டிராக்டரும்

மானுக்குத் தண்ணீர் ஊற்றுகிற புண்ணியவான் என்று ஒரு கோடைகாலத்தில் எனக்கு ஊரில் நல்ல பேர் வந்தது. டீக்கடையில் கிண்டலாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் பெருமை. நியாயமாகப் பார்த்தால் அந்தப் பேர் போயிருக்க வேண்டும். போகவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

உத்திரமேரூர் பக்கம், எங்கள் கழனிகளை ஒட்டி ஒரு காப்புக்காடு. காடு என்றால் பெரிய மரமெல்லாம் கிடையாது. காரை, களா, சூரை என்று ஆள் உயர முள்புதர்தான். நான் டவுசர் போட்ட காலத்தில் அதில் மான்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. தொண்ணூறுகளில் பாதிப் புதரை அழித்துத் தைலமரம் நட்டார்கள். அதன் அடியில் புல் முளைக்காது. இன்னொரு பக்கம் கல்குவாரி வந்து குன்றைக் குடைந்தது. இரண்டாயிரத்தைத் தாண்டி மழை பொய்த்தபோது ஏரியும் காய்ந்துவிட்டது. தாகம் பொறுக்காமல் மான்கள் எங்கள் போர்செட் வாய்க்காலைத் தேடி இறங்கின. கிணற்றில் விழுந்து செத்தன, லாரியில் அடிபட்டுச் செத்தன. கடைசியில் எட்டுதான் மிச்சம்.

எட்டு என்று சொன்னவள் காட்டோரம் குடிசை போட்டிருந்த ஓர் இருளர் பெண். வருஷம் முழுக்க என் கழனியில் கூலி வேலை செய்கிறவள். காட்டுக்குள்ளேயே சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீர் நிரப்பினால் மான் வெளியே வராது என்று பாரஸ்ட் கார்டு முடிவு செய்தார். தொட்டி கழுவ அவளை வைத்தார். டேங்கர் இழுக்க என் டிராக்டரை வைத்தார். டேங்கர் உள்ளே போவதற்காக முள்ளை வெட்டி நேராக ஒரு பாதையும் போட்டார்கள்.

தொட்டியைச் சுற்றியிருந்த ஈர மண்ணில் குளம்படி பார்த்து அவள் தினமும் சொல்வாள். "எட்டும் வந்துட்டுப் போயிருக்குதுண்ணா. அதுல ஒண்ணு சினை. அடி எவ்ளோ ஆழமா கீது பாரு."

மான் மேல் எனக்கு முதலில் பாசமெல்லாம் இல்லை. என் வேர்க்கடலையை மேய்ந்ததற்கு அவற்றை வாய்க்கு வந்தபடி திட்டியவன்தான் நான். ஆனால் ஒரு நாள் காலையில் தொட்டியை நிரப்பிவிட்டுப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சினைமான் வந்து குடித்தது. ஒரு வாய் குடிக்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி குடிக்கும். அன்றைக்கே எனக்கு அதன் மேல் மனசு விழுந்துவிட்டது. மழை வருகிறவரை இந்த எட்டையும் காப்பாற்றிவிட வேண்டும், அது குட்டி போடுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வீம்பாகவே இருந்தேன்.

என் டிராக்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊர் எல்லையில் ஒரு பிராய்லர் கோழி ஷெட். வெயிலுக்குத் தினமும் கோழி சாகும். செத்ததையெல்லாம் தீவனச் சாக்கில் கட்டி வைப்பார்கள். காலையில் அதை டிரெய்லரில் ஏற்றிப்போய், கைவிட்ட ஒரு குவாரிப் பள்ளத்தில் கொட்டுவேன். பிறகு டேங்கரை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போவேன். ஊர் மாடெல்லாம் விலா எலும்பு தெரிய நின்ற அந்த வருஷத்தில் நாய்கள் மட்டும் கொழுத்தன. நாலைந்தாக இருந்தவை இருபதுக்கு மேல் ஆகிவிட்டன. என் டிராக்டர் சத்தம் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவரும். கொட்டுவதற்கு முன்னால் ஒன்றிரண்டு கோழியைக் கையால் எறிந்து, அவை பாய்ந்து கவ்வுவதை வேடிக்கை பார்ப்பேன். எனக்கு ராஜா மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அவள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "அண்ணா, நாய்ங்க உன் வண்டி பின்னாலயே உள்ள வருதுங்க. கோழி போடுவேன்னு நெனச்சிக்கினு வருதுங்க. வழி பழகிடுச்சுன்னா பேஜாரு. டேங்கர காட்டோரத்துலயே நிறுத்திடு. நாங்க நாலு பேரு குடத்துல மொண்டாந்து ஊத்திக்கிறோம்."

"தெருநாய் இன்னா பண்ணும்? புலியா அது? பேசாம வேலயப் பாரு" என்றேன்.

என் கழனியில் களையெடுக்கிறவள் என் வண்டியை எங்கே நிறுத்துவது என்று எனக்குச் சொல்வதா என்கிற எண்ணம்தான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து ஏழு என்றாள். பிறகு ஐந்து என்றாள். எங்கேயாவது மேயப் போயிருக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. வந்தும் வண்டியைக் காட்டோரத்தில் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும் அல்லவா.

அடுத்த வாரம் ஒரு காலையில், டேங்கரோடு அந்தப் பாதையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. மான் அலறி நான் அதுவரை கேட்டதில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் ஏழெட்டு நாய்கள் அந்தச் சினைமானைச் சாய்த்திருந்தன. வயிறு கிழிந்திருந்தது. அவள் துடைப்பக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தாள், ஒன்றுகூட விலகவில்லை. அவற்றுக்கு இப்போது என் வண்டி தேவைப்படவில்லை, எனக்கு முன்னாலேயே வந்துவிட்டிருந்தன. நான் இறங்கி, கல்லை எடுத்துக்கொண்டு கத்தியபடி ஓடினேன். நாய்கள் தலையைத் தூக்கின. என்னைப் பார்த்ததும் மானை விட்டுவிட்டு, ரத்த வாயோடு, வாலை ஆட்டிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தன. ஒன்று என் காலை நக்கியது.

அவள் கையை இறக்கி என்னையே பார்த்தாள். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு. மானுக்கு இன்னும் உயிர் இருந்தது. அடங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

மதியம் கார்டு வந்தார். வந்ததும் அவளைத்தான் பிடித்தார். மான் பிடிக்கச் சுருக்கு கிருக்கு வைத்தீர்களா என்று அதட்டினார். நாய் கடித்த அடையாளத்தை நான் காட்டினேன்.

"நாயி இம்மாந்தூரம் உள்ள எப்படி வந்துச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"மோப்பம் புடிச்சிக்கினு வந்திருக்கும் சார்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியாது சார்" என்றாள். அவள் குடிசை நின்றது என் நிலத்தின் மூலையில். அதை அவளும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

நாலு நாள் கழித்து என் கழனிக்குக் களையெடுக்க வந்தாள். மான் கணக்கை அவளாகச் சொல்லவில்லை. நான் வரப்பில் வெகுநேரம் நின்றுவிட்டு, "இப்ப எத்தினி கீது?" என்று கேட்டேன்.

அவள் நிமிரவில்லை.

"உன் நாய்ங்களக் கேளுண்ணா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பிடுங்கிய களையை வரப்பில் என் காலடியில் போட்டுவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தாள்.