கதவைத் தட்டாத ஜெபம்

ஏழு மாடிக் கட்டடத்தில் இருபத்தாறு வருடங்களாக லிப்ட் இயக்கியவருக்கு லிப்ட்டண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. "ஏறுங்க" என்று ஆளை ஏற்றி, கம்பிக் கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியைத் திருப்பிவிட்டு, ஸ்டூலில் உட்காருவார். பிறகு யாருக்கும் தெரியாத தம் இரண்டாவது வேலையைத் தொடங்குவார். உள்ளே ஏறியவருக்காக மனதுக்குள் ஜெபிப்பார்.

இரண்டாவது மாடிக்காரருக்குக் குட்டி ஜெபம். "ஆண்டவரே, இவரு மூஞ்சியே சரியில்ல, என்னன்னு பாருங்க." ஏழாவது மாடிவரை வருபவருக்கு உடம்பு, குடும்பம், பிள்ளைகளின் படிப்பு என்று சாவகாசமாகப் போகும். எதுவும் மனப்பாடம் இல்லை. வாய்க்கு வந்ததுதான். சில நாள் லிப்ட் மாடிகளைத் தாண்டி, கூரையையும் தாண்டி, மேகத்துக்குள் ஏறிக்கொண்டே இருப்பதுபோல அவருக்குத் தோன்றும்.

அவர் மனைவி நேர் எதிர். சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அட்டை கிழிந்த ஜெபப் புத்தகத்தை விரிப்பாள். அதில் அச்சடிக்காத ஒரு சொல்லைக்கூட அவள் கடவுளிடம் பேசியதில்லை.

"ஏம்மா, தேவரீர் தயாபரர்னு... ஜெபம் பண்றியா, இல்ல ராஜாவுக்கு மனு எழுதுறியா?" என்று அவர் சீண்டுவார்.

"நீங்க மட்டும் என்னவாம்? கதவக்கூடத் தட்டாம நேரா உள்ள போயி நிக்கிறீங்க. அவரு என்ன உங்க லிப்ட்லயா வேலை பாக்குறாரு?"

முப்பது வருடச் சண்டை. இருவருமே தோற்றதில்லை.

ஒரு மதியம், நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், அவருக்குள் ஏதோ சத்தமில்லாமல் நின்றுபோனது. கண்விழித்தபோது ஆஸ்பத்திரிக் கட்டில். வலது கை தலையணைபோலப் பக்கத்தில் கிடந்தது. என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். சொல்ல வாயைத் திறந்தார்.

"ஏறுங்க" என்றார்.

மூளையில் அடைப்பு, பேச்சு மெல்லத்தான் வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். அந்த ஒரு சொல்தான் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் ஏறுங்க, போதுமென்றாலும் ஏறுங்க. மற்ற சொற்களெல்லாம் கண்ணாடித் தொட்டி மீன்கள்போலக் கிட்டே வந்து, தொடுவதற்குள் திரும்பிக்கொண்டன.

வீட்டுக்கு வந்த வாரம், ஞாயிறுதோறும் அவர் வாய்விட்டு ஜெபம் நடத்தும் ஜெபக்குழுவினர் பார்க்க வந்தார்கள். "அண்ணே, ஜெபம்னாலே நீங்கதான். ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் பக்கத்துக் கட்டடத்துக் காவலாளி. லிப்ட்டண்ணன் கண்ணை மூடினார். நெஞ்சு முட்ட இருந்ததையெல்லாம் திரட்டினார்.

"ஏறுங்க."

"அதுக்கென்னண்ணே, எல்லாரும் ஒருநாள் ஏற வேண்டியதுதானே" என்று காவலாளி சிரிக்க வைக்கப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. லிப்ட்டண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கைகால் போனதுகூடப் பெரிதில்லை. பேச வார்த்தையே இல்லாதவன் ஆண்டவரிடம் இனி எப்படிப் போவான்? அவர் ஏதோ ஒரு மாடியில் காத்திருக்க, இங்கே லிப்ட் நகராமல் கிடப்பதுபோல இருந்தது. அதன் பிறகு ஜெபக்குழு வந்தால் தூங்குவதுபோலப் பாசாங்கு செய்தார்.

மனைவி தினமும்போலப் பாலை வைத்தாள், கட்டிலருகே உட்கார்ந்தாள், புத்தகத்தை விரித்தாள். ஒரு காலை, ஜன்னல் வெளிச்சம் போர்வைமேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் பாதித் தூக்கத்தில் மிதந்தார்.

"சர்வ தயாபரரான பிதாவே, வழியில் நடப்போரையும், வாசலில் நிற்போரையும்..."

அடுப்பில் பால் உஸ்ஸென்று எழுந்தது. அவள் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"படுக்கையில் கிடப்போரையும்" என்றது ஒரு குரல்.

அவள் அப்படியே நின்றாள். "உமது திருக்கரத்தால் தாங்கியருளும். தேவரீர் ஒருவரையும் மறவாதவர்." ஒரு சொல்கூடக் குழறவில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்த வரிகள், அவருக்குத் தெரியாமலே உள்ளே குடியிருந்திருக்கின்றன. முன்பு சீண்டிச் சிரித்த அந்தத் தேவரீர் இப்போது கைப்பிடிபோல உள்ளங்கைக்குள் வந்து பொருந்தியது. படுக்கையில் கிடப்போர் என்று சொன்னபோது, அது தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்தது. முப்பது வருடமாக அவருக்காக அவள் அங்கே ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாளோ? லிப்ட் ஒரு குலுங்கலோடு அசைந்தது. மேலே போனது.

பால் பொங்கி அடுப்பில் வழிந்து தரையில் இறங்கியது. தீய்ந்த வாசனை வீடெல்லாம் பரவியது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயோ ஆண்டவரே, பாலு போனாப் போகுது!" என்று அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "நீங்க இப்பிடியே என் பக்கத்துல நில்லுங்க, எங்கயும் போயிராதீங்க!"

சொல்லிவிட்டுத் திகைத்து, புத்தகத்தைப் பார்த்தாள். அதில் இந்த வரி இல்லை.

லிப்ட்டண்ணன் அவளையே பார்த்தார். சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்து நின்றது. வரவில்லை. பரவாயில்லை. இடது கையை நீட்டி, கட்டில் சட்டத்தில் விரல் முட்டியால், கதவைத் தட்டுவதுபோல, டொக் டொக் என்று இரண்டு முறை தட்டினார்.