ஒரு படிவம், இரண்டு கையெழுத்து

எங்கள் பள்ளியின் காலைக் கூட்டத்தில் நாட்டுச் செய்தி, உலகச் செய்தி எல்லாம் முடிந்தபிறகு பள்ளிச் செய்தி என்று ஒன்று வாசிப்பார்கள். அதை எழுதிக் கொடுப்பது என் வேலை. உலகச் செய்தியின்போது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்கூட பள்ளிச் செய்தி என்றதும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பாவுக்கு வேலை பெர்மனென்ட் ஆகிவிட்டது, வகுப்பில் எல்லோருக்கும் லட்டு உண்டு. ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்தில் மூன்று பிஞ்சு விட்டிருக்கிறது, யாரும் தொட்டுப் பார்க்க வேண்டாம். கணக்கு சாரின் சைக்கிள் கிடைத்துவிட்டது. அது காணாமல் போகவே இல்லை, நேற்று அவர் மறந்துபோய் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறார். இப்படியெல்லாம் எழுதுவேன். தலைமையாசிரியை முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே தன் வீட்டு முருங்கை காய்த்ததைச் சொல்லி, "இதையும் போட்டுக்கோங்களேன்" என்றார்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்கு வரைபடம் பார்க்கச் சொல்லிக் கொடுக்கிறேன். இதை இப்போதே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் என் மானம் போகும்போது உங்களுக்கு வசதியாக இருக்கும்.

அந்த வருடம் எங்கள் பெண்கள் கோ-கோ அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. தஞ்சாவூரில் மூன்று நாள் ஆட்டம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவம் வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்தாக வேண்டும். பன்னிரண்டு பேரில் பதினோரு படிவம் வந்துவிட்டது. வராத ஒன்று எங்கள் அணியிலேயே நன்றாக ஆடும் பெண்ணுடையது. அவள் என் வகுப்புதான், பத்தாம் வகுப்பு. முத்தாண்டிக்குப்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அந்த வருடம்தான் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்திருந்தார்கள். விரட்டிக்கொண்டு போய் எதிரணிப் பெண்ணின் காலடியில் தாவி விழுந்து, விரல் நுனியால் தொட்டுவிட்டு, மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தபடி எழுந்திருப்பாள். பார்க்கிற எனக்குத்தான் முட்டி வலிக்கும்.

"அப்பா வேண்டாம்னுட்டாரு டீச்சர்" என்றாள் வியாழக்கிழமை மதியம். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். படிவத்தை நான்காக மடித்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, "எனக்குப் பதிலா ஒன்பதாங் கிளாஸ்ல ஒருத்தி நல்லா ஓடுவா, அவளைச் சேத்துக்கச் சொல்லுங்க" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ பிராக்டிசுக்குப் போ. உங்க அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். வீடு எங்க?"

பிளாக், தெரு, வீட்டு எண் எல்லாம் சொன்னாள். "கேட்டை ஒட்டி ஒரு பலா மரம் இருக்கும் டீச்சர். லொகேஷன் அனுப்பச் சொல்லட்டுங்களா?"

எனக்கா? இந்த டவுன்ஷிப்பில் எனக்கு லொகேஷனா? வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய டவுன்ஷிப்; இதன் வீடுகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வகைக் குவார்ட்டர்ஸ் என்றால் அந்த வகை வீடு எல்லாமே ஒரே அச்சு. அதே கேட், அதே ஜன்னல், அதே இடத்தில் அதே குழாய். ஒரு பிளாக்கில் இருக்கிற எண் அடுத்த பிளாக்கிலும் இருக்கும். பலா மரமோ, அது இல்லாத வீட்டைச் சொல்லியிருந்தால்தான் அடையாளம்.

ஐந்து மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எண் சரியாக இருந்தது. பலா மரமும் இருந்தது. நாலு முறை அழைப்பு மணி அடித்தபிறகு, லுங்கியும் கலைந்த தலையுமாக ஒருவர் கதவைத் திறந்தார். நைட் ஷிப்ட் முடித்துவந்து தூங்கிக்கொண்டிருந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மன்னிக்கணும் சார். நான் உங்க பொண்ணோட ஸ்கூல் டீச்சர். பொண்ணு விஷயமா வந்தேன்."

"ஐயோ, வாங்க டீச்சர், உக்காருங்க. அவ டியூஷன் போயிருக்கா. அவங்க அம்மாவும் பண்ருட்டி வரைக்கும் போயிருக்காங்க. ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?"

டியூஷன் என்றதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மைதானத்தில் இருப்பவளுக்கு ஏது டியூஷன்? ஆனால் நான் பேச ஆரம்பித்தால் பீரியட் முடியும்வரை நிறுத்தாத ஆள். தப்பா, அவள் எங்கள் பள்ளிக்குக் கிடைத்த தங்கம் என்று ஆரம்பித்தேன். அவள் ஓடுகிற வேகத்தைச் சொன்னேன். மாவட்டப் போட்டியில் கடைசி நிமிடத்தில் பாய்ந்து விழுந்து அணியைக் காப்பாற்றியதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நம்ம பொண்ணா டீச்சர்?" என்றார். சும்மா தன்னடக்கம் என்று நினைத்தேன். முழங்காலில் சிராய்ப்போடு சிரித்துக்கொண்டு எழுந்திருப்பாளே சார் என்றேன். "நம்ம பொண்ணா!" என்றார் மறுபடியும். அவர் முகத்திலிருந்த தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து, அங்கே ஒரு பெருமை வந்து உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அவரே உள்ளே போய்க் காபி போட்டு வந்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது.

"பொம்பளப் புள்ளைன்னு வெளியூர் அனுப்பத் தயங்காதீங்க சார். நானே கூடப் போறேன். ஒரே ஒரு கையெழுத்து" என்று படிவத்தை நீட்டினேன்.

"இதுக்குப் போய் நீங்க வீடு தேடி வரணுமா? எங்க போடணும்?"

கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். பிடிவாதக்காரர் என்று நினைத்து வந்தால் கால் மணி நேரத்தில் காரியம் முடிந்துவிட்டது. என் பேச்சுத் திறமையை நானே மெச்சிக்கொண்டு எழுந்தேன்.

அப்போதுதான் கேட் திறந்தது. தோளில் பையுடன், தடிக் கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் உள்ளே வந்தாள். எட்டாம் வகுப்பு. எனக்கு நன்றாகத் தெரிந்த பிள்ளைதான். விளையாட்டுப் பீரியட் வந்தால் தலைவலி என்று சீட்டு எழுதிக்கொண்டு வந்து நூலகத்தில் போய் உட்கார்ந்துகொள்பவள்.

"வாடி என் தங்கமே! கோ-கோல இவ்வளவு பெரிய ஆளா நீ? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவள் அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த படிவத்தைப் பார்த்தாள். "நான் ஓடவே மாட்டேனேப்பா" என்றாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. படிவத்தை எடுத்து அவர் முன்னால் பெயரைப் படித்துக் காட்டினேன். எந்த பிளாக் என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு ரோடு முன்னாலேயே திரும்பிவிட்டிருக்கிறேன். அடுத்த பிளாக்கில், இதே எண்ணில், இதே மாதிரிப் பலா மரத்தோடு அந்த வீடு இருக்கிறது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்திலிருந்த அந்தப் பெருமை அப்படியே வடிந்தது. ஒரு மனிதருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டோமே என்று எனக்கு வெட்கமாகவும் வருத்தமாகவும் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சின்னப் பெண் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "எங்களுக்கு மேப் சொல்லிக் குடுக்கிறதே டீச்சர்தாம்பா!" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் அவரும் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் வேறு வழியில்லாமல் சேர்ந்துகொண்டேன்.

சிரித்து முடித்ததும் கேட்டார்: "அப்ப அந்தப் புள்ளைக்கு இன்னும் கையெழுத்து ஆகலையா?"

"நாளைக்குக் காலையில குடுக்கணும் சார். அவங்க அப்பா முடியாதுங்கறாராம்."

அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன். "அட, மைன்ஸ்ல கன்வேயர்ல இருக்காரே! நம்ம செக்‌ஷன்தான். இருங்க, நானும் வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் பைக்கில் முன்னால் போக, நான் அவர் பெண்ணை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். அவள் என் காதருகே குனிந்து, "லெஃப்ட்டு டீச்சர்" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அந்த வீட்டில் அப்பாவுக்கு அன்று ஆஃப். வாசலில் பலா மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு நின்றார். ஒல்லியான, அமைதியான மனிதர். நான் நினைத்து வைத்திருந்த வில்லன் முகம் அவருக்கு இல்லை.

"ஆடக்கூடாதுன்னு நான் சொல்லல டீச்சர். அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட்டு. மைன்ஸுக்குள்ள போன் எடுத்துகினு போவ முடியாது. ராத்திரில இவளுக்கு ஒண்ணுன்னா எனக்கு யாரு சொல்லுவா? இவங்க அம்மா தனியா வூட்ல இருந்துகினு இன்னா பண்ணும்? பொறந்ததுலேருந்து ஒரு ராத்திரிகூட இவ வெளிய தங்கினது இல்லீங்க."

இது பிடிவாதம் இல்லை, பயம். அரை மணி நேரம் முன்பு தவறான வீட்டில் நான் கொட்டிய பேச்சில் ஒரு வரிகூட இதற்குப் பதில் இல்லை. கதவுக்குப் பின்னால் அவள் அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றிருந்தார். அதே நேரத்தில் அந்தப் பெண்ணும் மைதானத்திலிருந்து வந்துவிட்டாள். செம்மண் ஒட்டிய முழங்காலோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

என்னோடு வந்தவர் படிவத்தை வாங்கி அவரிடம் நீட்டினார். "இது என் கையெழுத்து. உங்க பொண்ணை நான் பாத்ததுகூட இல்ல. டீச்சர் சொன்னதைக் கேட்டு, என் பொண்ணுன்னு நெனச்சுப் போட்டுட்டேன். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுங்களா? உங்களுக்கு அது நெசமாவே இருக்கு. வச்சுகிட்டு வேணாங்கறீங்க."

அந்த அப்பா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ராத்திரிதானே பயம்? அடுத்த வாரம் எனக்கு பர்ஸ்ட் ஷிப்ட். அந்த மூணு நாளும் உங்க நைட்டை நான் பாக்கறேன், என் ஷிப்ட்டை நீங்க எடுத்துக்கங்க. ஷிப்ட் மாத்திக்கறோம்னு மியூச்சுவல் எழுதிக் குடுத்துடலாம். ராத்திரி போனைப் பக்கத்துல வச்சுகிட்டுப் படுங்க. போதுமா?"

"இந்த வாரமே நைட்டு. அடுத்த வாரமும் நைட்டாப்பா?" என்றாள் அவர் மகள்.

"ஆமா. பெரிய ஆளு ஆடறான்னா சும்மாவா?"

அந்த அப்பா ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். வெளியே நின்ற மகளைப் பார்த்தார். "அங்க இன்னா நின்னுகினு இருக்கற? உள்ள போயி பேனா எடுத்தா" என்றார். அவள் ஓடிய வேகத்தை நான் மாவட்டப் போட்டியில்கூடப் பார்த்ததில்லை.

அவர் நிதானமாகத் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். மேலே இருந்த முதல் கையெழுத்தை அடிப்பதற்காக நான் பேனாவை வாங்கினேன். அவர் படிவத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அத்த அடிக்காதீங்க டீச்சர். அதுவும் இருக்கட்டும்."

மறுநாள் காலை விளையாட்டு ஆசிரியை படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதென்ன, ரெண்டு கையெழுத்து?" என்றார். முழுக்கதையும் சொன்னேன். சொன்னது என் தப்புதான். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவர் சத்தியம் செய்தார். மதிய இடைவேளைக்குள் ஆசிரியர் அறைச் சுவரில் டவுன்ஷிப் வரைபடம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. ஒரு ரோட்டில் சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, "இங்கே திரும்பக்கூடாது" என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாதம் அதை யாரும் கழற்றவில்லை. நானும் கழற்றவில்லை.

தஞ்சாவூரில் எங்கள் அணி அரையிறுதிவரை போய்த் தோற்றது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்று ஒரு சின்னக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இரண்டு ராத்திரியும் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு வேன் பள்ளி வாசலுக்கு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் அவர்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். ஒருவர் இரண்டு மணிக்கு பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் பூட்ஸோடு நேராக வந்திருந்தார். இன்னொருவர் நைட் முடித்துப் பாதித் தூக்கத்தில் எழுந்து, சிவந்த கண்ணோடு, தன் தடிக் கண்ணாடி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மகள் புத்தம் புதிய கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். மறுநாள் பள்ளிச் செய்தியில் அதைத்தான் முதலில் போட்டேன்.

எங்கள் பெண் வேனிலிருந்து குதித்து இறங்கி, பையை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அவள் முழங்காலிலிருந்த சிராய்ப்பைக் குனிந்து பார்த்தார். சிவந்த கண்காரருக்கு அவசரம் தாங்கவில்லை.

"எத்தனை பேரை அவுட் பண்ணே?"

அவள் கோப்பையை அவர் கையில் வைத்தாள். அன்று வாசலில் படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது பார்த்தது; அவரை அவள் பார்ப்பது இதுதான் இரண்டாவது முறை.

"கடைசி மேட்ச்ல மட்டும் ஏழு பேரு, பெரியப்பா" என்றாள்.