முப்பத்திரண்டாவது வீடு

அரைத்த சந்தனத்தின் ஈர வாசனையும் சிலேட்டுக் குச்சியின் மண் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும். நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில், தை அறுவடை முடிந்த கையோடு, மூன்று நாள் மாலைகளில் அந்த வாசனை என் இரண்டு கைகளிலும் இருந்தது.

ஆவுடையார்கோவிலுக்கு மேற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி இருந்த எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்போது ஐந்து வகுப்புகள், இரண்டு வாத்தியார்கள், நாற்பத்தேழு பிள்ளைகள். நாற்பத்தேழு பேரும் முப்பத்திரண்டு வீடுகளிலிருந்து வந்தார்கள். இந்தக் கணக்கை எடுத்துக் கொடுத்தவன் நான். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுகிற இந்தப் புத்தி அப்போதே என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

தலைமை வாத்தியார் சவரிமுத்து சார் ஆவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு நாள் முழுக்க அப்பனும் ஆத்தாளும் பிள்ளையோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, கணக்குக்குப் புளியங்கொட்டை எண்ணிக் கட்டவும், பனையோலையில் எழுத்து அட்டை செய்யவும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவும் வேண்டும் என்பது அவர் ஆசை. "கூடிச் செய்யும் நாள்" என்று அதற்குப் பெயரும் வைத்து, அழகான கையெழுத்தில் முப்பத்திரண்டு தாள் எழுதி எங்களிடம் கொடுத்தனுப்பினார். அன்று வந்தவர்கள் நான்கு பேர். அதிலும் ஒருவரான கருப்பையா மாமா, காணாமல் போய்ப் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்திருந்த தன் வெள்ளாட்டைத் தேடி வந்தவர்.

வந்தவர் சும்மா போகவில்லை. விரித்த பாய்களையும் சாரின் வாடிய முகத்தையும் பார்த்துவிட்டு, "காயிதம் குடுத்தனுப்புனா அது தாக்கீது சார். அழைப்புன்னா வாசல்ல வந்து வெத்தலை பாக்கு வச்சு வாயால சொல்லணும்ல? எங்க ஊருல நாயிகூட கூப்பிட்டாத்தான் சார் வரும்" என்றார்.

"ஒங்க ஆடு மட்டும் கூப்பிடாமலே வந்துருச்சே?" என்றார் சார்.

"அது படிச்ச ஆடு சார்."

இப்படித்தான் இரண்டாவது ஏற்பாடு தொடங்கியது. ஆனால் வாசல் அழைப்பில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. யார் வீட்டுக்கு முதலில் போவது? எங்கள் ஊரில் முதல் வெற்றிலை யாருக்கு என்ற சண்டையில் கோயில் திருவிழாவே இரண்டு ஆண்டு நின்றுபோயிருந்தது. சார் ஒரு நாள் யோசித்தார். பிறகு, ஒன்றாம் வகுப்பில் கடைசியாகச் சேர்ந்த சிறுமியின் வீட்டில் ஆரம்பித்து, பிள்ளைகளின் வயதுப்படி மேலே வருவோம் என்று முடிவு செய்தார். சின்னப் பிள்ளை முந்திவிட்டது என்று யாரும் கோபித்துக்கொள்ள முடியாது அல்லவா! அடுத்து, தட்டு. எந்த வீட்டுத் தட்டை வாங்கினாலும் அது அந்த வீட்டு அழைப்பு ஆகிவிடும் என்பதால், என் சிலேட்டைக் கழுவி, வாழையிலைத் துண்டை விரித்து, அதன்மேல் வெற்றிலை, பாக்கு, சந்தனம் வைத்தோம். வகுப்பிலேயே பெரிய சிலேட்டு என்னுடையது. எண்ணிக்கை பிசகாதவன் என்று அதைச் சுமக்கும் வேலையும் எனக்கே வந்தது.

எனக்கு அந்த நாளிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: என் அப்பா பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க வேண்டும். அப்பா கொத்தனார். அந்தக் கட்டடத்தின் நான்கு சுவர்களையும் எழுப்பியவர் அவர். திறப்பு விழா அன்று மாலை போட்டார்கள், பேசினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். அவரை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. அதெல்லாம் சவரிமுத்து சார் வருவதற்கு முன்னால் நடந்தது. அன்றிலிருந்து அப்பா பள்ளிக்கூட வாசல் வழியாக நடப்பதில்லை; கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் போவார். அந்தச் சுற்று இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு கூடுதல். நான் நடந்து எண்ணியிருக்கிறேன்.

முதல் நாள் பதினொரு வீடு, மறுநாள் பன்னிரண்டு, மூன்றாம் நாள் எட்டு. ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றி நின்று, "எங்க பள்ளிக்கூடத்துக்கு நீங்க வரணும்" என்று சார் கும்பிடுவார். நான் சிலேட்டை நீட்டுவேன். அவர்கள் வெற்றிலை எடுத்ததும் சிலேட்டின் பின்பக்கம் ஒரு கோடு இழுப்பேன். சில வீடுகளில் பானகம் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "எந்தப் பய மேல பிராது கொண்டாந்துருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, சார் பதில் சொல்வதற்குள் மகனுக்கு ஓர் அடியும் கொடுத்தார்கள்.

மாலையில் நான் வீடு திரும்பும்போதெல்லாம் அப்பா என் சிலேட்டையும் சந்தனக் கையையும் பார்ப்பார். "இன்னிக்கு எத்தனை வீடு?" என்பார். சொல்வேன். "ம்" என்பார். மூன்றாம் நாள், "எல்லா வீடும் முடிஞ்சுச்சாடா?" என்று கேட்டார்.

"முடிஞ்சுச்சுப்பா. ஒரு வீடுகூட பாக்கியில்ல" என்றேன் பெருமையாக.

அவர் என் சிலேட்டையும் எங்கள் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். ஆத்தா அடுப்படியில் சிரித்த மாதிரி இருந்தது.

அந்த நாள் வந்தது. காலையிலேயே கூட்டம். குடும்பத்துக்கு ஒரு பாய் விரித்து, பக்கத்தில் பிள்ளையின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதியிருந்தோம். அண்ணன் தம்பியோடு, கைக்குழந்தையோடு, ஒரு வீட்டார் கன்றுக்குட்டியோடுகூட வந்தார்கள். நான் முதலில் எண்ணினேன். முப்பத்தொரு பாய்கள் நிறைந்திருந்தன. மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்றுதான். முப்பத்திரண்டாவது பாயில் என் பெயர் இருந்தது, நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

சிலேட்டைத் திருப்பிப் பார்த்தேன். கோடுகளும் முப்பத்தொன்று. அப்போதுதான் உறைத்தது. ஊரில் எல்லா வாசலிலும் நின்ற நான், எங்கள் வாசலில் மட்டும் நிற்கவே இல்லை; அங்கே நேராக உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

ஓடினேன். வீட்டில் அப்பா சவரம் செய்து, சலவை வேட்டி கட்டி நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார். ஆத்தா விசேஷத்துக்குக் கட்டும் கண்டாங்கிச் சேலையில், தலையில் பூவோடு இருந்தாள். தங்கச்சிக்குக்கூட எண்ணெய் வைத்துச் சீவியிருந்தது.

"வாங்கப்பா, எல்லாரும் வந்துட்டாங்க" என்றேன் மூச்சு வாங்க.

"எல்லாரும் வந்துட்டாங்கள்ல? அப்பறம் என்னடா? போ" என்றார் அப்பா.

திரும்பி ஓடிச் சாரிடம் சொன்னபோது எனக்கு அழுகை முட்டியது. சார் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார். "ஒன் மேல தப்பில்லடா. கூட நடந்தவன் வீட்டை நானும்ல மறந்துட்டேன்" என்று எழுந்தார். வெற்றிலை தீர்ந்துபோயிருந்தது. கருப்பையா மாமா தன் இடுப்புப் பையிலிருந்து நாலு வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் எடுத்து என் சிலேட்டில் வைத்தார். சார் நடந்தார், மாமா நடந்தார், புளியங்கொட்டையைப் போட்டது போட்டபடி ஒவ்வொரு பாயாக எழுந்து, முப்பத்தொரு வீடும் அந்தக் கன்றுக்குட்டியும் எங்கள் வாசலுக்கு வந்து நின்றன.

"கொத்தனாரே, ஒம்ம கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுக் கூட்டம் வரலய்யா" என்றார் மாமா.

சார் செருப்பைக் கழற்றினார். "நீங்க கட்டுன பள்ளிக்கூடத்துக்கு நீங்க வரணும்" என்று கும்பிட்டார். நான் சிலேட்டை நீட்டினேன். நீட்டிய வேகத்தில் பாக்கு உருண்டு கீழே விழ, அப்பா குனிந்து அதை எடுத்து, ஊதி, வெற்றிலையோடு சேர்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சொல்லிருந்தீங்கன்னா காலையிலயே வந்துருப்பேனே சார். இப்ப வேலையா இருக்கேன்" என்றார்.

"என்ன வேலை? வேட்டி கசங்கிருமுன்னு விடிஞ்சதுலேருந்து உக்காராம நிக்கிறாரு, அதான் வேலை" என்றாள் ஆத்தா. கூட்டமே சிரித்தது; கண்மாய்க் கரை வரைக்கும் அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும்.

அப்பா நேர்வழியாக நடந்தார். நான் எண்ணவில்லை, அன்றைக்கு மட்டும் எண்ணத் தோன்றவில்லை. உள்ளே நுழைந்ததும் சுவரில் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு நிமிர்ந்து, "சார், ஒங்க போர்டு சாஞ்சிருக்கு" என்றார். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காட்டினார். இடது பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் வரிசையில் நின்று அந்தக் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார்கள். "இதுலயே கணக்கு எழுதினா பயலுக எங்கிட்டு உருப்படுவாங்க!" என்று சொல்லிக்கொண்டே, சலவை வேட்டியை மடித்துக் கட்டி ஆணியைப் பிடுங்கினார். அன்று மாலை வேட்டியில் துணியை விடச் சுண்ணாம்புதான் அதிகம்.

போன மாதம் அதே பள்ளியில் பெற்றோர் பயிலரங்கம் ஒன்றைத் திட்டமிட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அப்பா எழுப்பிய சுவர்களில் ஒன்றும் இப்போது இல்லை. புதுக் கட்டடம், டைல்ஸ் தரை. பிள்ளைகள் பத்தொன்பது, வீடுகள் பதினைந்து, அவற்றில் நாலு வீட்டில் அப்பன்மார் வெளிநாட்டில். வாட்ஸ்அப் குழுவில் அழைப்பு அனுப்பினார்கள். பார்த்தவர்கள் பதினான்கு பேர், வருகிறேன் என்றவர்கள் மூன்று பேர், கட்டைவிரலை மட்டும் காட்டியவர்கள் இரண்டு பேர். இரண்டு நாள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கடைசியில் தலைமையாசிரியையிடம், "வாசல்ல போய்ச் சொல்லுவோம்மா" என்றேன். சிலேட்டு தேடினோம். பள்ளியில் ஒன்றுகூட இல்லை, ஊரிலேயே இல்லை. ஒரு பிள்ளையின் பரீட்சை அட்டையைத் துடைத்து, வாழையிலை விரித்து எடுத்துக்கொண்டோம். சந்தனம் பாக்கெட்டில் வந்தது, வாசனை பாதிதான்.

ஒன்றாம் வகுப்பின் கடைசிப் பிள்ளையிலிருந்து தொடங்கி, இரண்டு மாலைகளில் பதினான்கு வீடு முடித்தோம். என் பேரன் அங்கேதான் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். தலைமையாசிரியை, "அவ்வளவுதானே சார்?" என்றார். "கொஞ்சம் கூட வாங்கம்மா" என்று அவரை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "வீட்டுல யாரு?" என்று குரல் கொடுத்தேன்.

மருமகள் ஈரக் கையோடு எட்டிப் பார்த்தாள். "என்ன மாமா, புதுசா வாசல்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க."

"மொதல்ல வெத்தலைய எடும்மா" என்றேன். "அப்பறம் வாரேன்."