ஷட்டவுன் நாளில் சுட்ட போர்டு

பேய், பிசாசு, காத்து கருப்பு எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பல்லி விழுந்த பலன் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தும், மீட்டர் காட்டினால்தான் நம்புவேன் என்று வளர்ந்தவள் நான். இதைச் சொன்னால் என் வீட்டுக்காரரே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார், நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. இதில் நடுராத்திரி, புளியமரம், மல்லிகை வாசம் எதுவும் வராது. நடந்தது பட்டப்பகலில், கருமத்தம்பட்டியில், பராமரிப்புக்காக மாதாமாதம் கரண்டை நிறுத்தும் ஷட்டவுன் நாளன்று.

கல்லூரியில் எனக்கு ஜூனியரான கவிதாவும் நானும் சேர்ந்து அங்கே ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறோம். தறி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டி செய்வது தொழில். பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆன் ஆகி ஆஃப் ஆகும். முழுக்க ஆனாக இருந்தாலும் ஆஃபாக இருந்தாலும் அதற்குப் பெரிய சிரமமில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்தத் துளி நேரத்தில்தான் வோல்டேஜும் கரண்டும் சேர்ந்து அதன் தலையில் ஏறும், மின்சாரம் சூடாகி வீணாகும். அந்த இழப்பை, வோல்டேஜையும் கரண்டையும் திரையில் கோடுகளாக வரைந்து காட்டும் ஸ்கோப்பில் அளந்து, சூட்டை வெளியேற்ற அதற்குத் தகுந்த அலுமினிய ஹீட்சிங்க் மாட்ட வேண்டும். அளவு தப்பினால் டிரான்சிஸ்டர் வெடிக்கும்.

வெடித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுகிற இடமில்லை ரங்கசாமி அண்ணனின் தறிக்குடோன். எங்கள் முதல் பெரிய ஆர்டர் அவருடையதுதான். இடம் பார்க்கப் போனபோது கூரை வரைக்கும் பஞ்சு ஒட்டிக் கிடந்தது. பெட்டி மாட்டப்போகும் சுவருக்குப் பக்கத்திலேயே சேலைத் தொட்டில், அதில் தறி ஓட்டும் செல்வியின் கைக்குழந்தை அத்தனை இரைச்சலிலும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"தறி நின்னாத்தானுங்க இவ அழுவா," என்று சிரித்தாள் செல்வி. நானும் சிரித்தேன், ஆனால் அந்தப் பஞ்சுக்கு ஒரு பொறி போதும் என்பது மனதில் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் அளவு என்னவோ பிரமாதமாகத்தான் வந்தது. புதிதாக வாங்கிய டிரான்சிஸ்டரில் இழப்பு, முன்பு போட்டுவந்த பழையதைவிட வெகுவாகக் குறைவு என்று ஸ்கோப் காட்டியது. சின்ன ஹீட்சிங்க்கே போதும் என்று முடிவு செய்தோம். மேசை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்தோம், தாங்கியது. ஷட்டவுன் அன்று கரண்ட் இல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்து பெட்டிகளை மூடி, சாயங்காலம் வண்டியில் ஏற்றிவிடலாம் என்று திட்டம்.

அன்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை, எங்களிடம் ஜெனரேட்டரும் கிடையாது. நான் பெட்டிகளுக்குள் போகும் போர்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், எதையும் விரலின் பின்பக்கத்தால்தான் தொட்டுப் பார்ப்போம், ஷாக் அடித்தால் கை தானாக விலகிக்கொள்ளும். அன்றும் பழக்கதோஷத்தில் கை அப்படியே போனது. நாங்கள் அளவெடுத்த அந்தப் புதுப் போர்டின் ஹீட்சிங்க் சுட்டது.

"கவிதா, இதைத் தொட்டுப் பாரு."

தொட்டவள் கையை உதறினாள். "அய்யோ, சுடுதுங்க்கா! கரண்டே இல்லீங்களே!"

வெயில் விழுகிற இடமில்லை. கெப்பாசிட்டரில் மிச்சம் இருக்குமோ என்று மீட்டர் வைத்தேன், பூஜ்யம். சூடு அளக்கும் கருவியை நீட்டினால், பக்கத்து மேசைக்கும் அந்த ஹீட்சிங்க்குக்கும் ஒரே அளவைக் காட்டுகிறது. கை சுடுகிறது என்கிறது, கருவி இல்லை என்கிறது. நம்பினால் நம்புங்கள், ஜென்மத்தில் முதல் தடவையாக நான் கையை நம்பினேன். பயமாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு அனுப்ப வேண்டாங்க்கா. கரண்ட் வந்ததும் இன்னொருக்கா அளந்துபோட்டு அனுப்பிக்கலாம்," என்றாள் கவிதா.

சாயங்காலம் கரண்ட் வந்ததும் ஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். கம்பியில் ஓடும் கரண்டை ஸ்கோப்புக்குக் காட்டும் எங்கள் கரண்ட் புரோப் ரிப்பேருக்குப் போயிருந்ததால், புது டிரான்சிஸ்டரை அளக்கும்போது ஒரு இரவல் புரோப்பை மாட்டியிருந்தோம். சிக்னலைக் கொண்டுவருவதில் ஒவ்வொரு புரோப்பும் ஒவ்வொரு அளவு தாமதிக்கும், அதை ஸ்கோப்பில் சரிக்கட்ட வேண்டும். எங்கள் ஸ்கோப்பிலோ பழைய புரோப்புக்கு வைத்த திருத்தமே கிடந்தது. இரவல் புரோப்பில் கரண்ட் கோடு பிந்தி வர, ஆன் ஆகும் நேரத்து இழப்பில் பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது. ஆஃப் ஆகும்போது கொஞ்சம் கூடக் காட்டியதுதான், ஆனால் மறைந்தது அதைவிட அதிகம். திருத்தத்தைச் சரிசெய்து அளந்தால், புதுசு பழசைவிட அதிகமாகச் சுடும். தகரக் கூரைக்கு அடியில், கோடை வெயிலில், நாள் முழுக்க ஓடினால் அந்தச் சின்ன ஹீட்சிங்க் தாங்கியே இருக்காது. எனக்கு அந்தத் தொட்டில்தான் கண்முன் வந்தது, அழுதுவிட்டேன்.

அளந்து முடித்து அந்த ஹீட்சிங்க்கை மறுபடி தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

பெரிய ஹீட்சிங்க் போட்டுக் கொடுத்தோம், கோடை தாண்டியும் பெட்டிகள் ஜம்மென்று ஓடுகின்றன. செல்வியின் மகள் இப்போது தறிகளுக்கு நடுவில் ஓடாதபடி பிடித்து வைப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வேலை. அவளைப் பார்க்கும்போதெல்லாம், அன்று போர்டைச் சுட வைத்தது பேயோ சாமியோ, நமக்கு வேண்டிய யாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

அதிலிருந்து எந்தப் பெட்டியை மூடும் முன்பும், கரண்ட் கொடுக்காமல், இருவரும் தொட்டுப் பார்க்கிறோம். எல்லாம் ஜில்லென்றுதான் இருந்தன, போன மாதம் வரைக்கும். ரங்கசாமி அண்ணன் இன்னும் ஒரு பெட்டி கேட்டிருந்தார். புரோப் சரி, திருத்தம் சரி, அளவு சரி, கருவியும் ஒன்றுமில்லை என்கிறது. ஆனால் போர்டு சுடுகிறது. என்ன தப்பு என்று இன்னும் பிடிபடவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்.

நேற்று அவர் போன் செய்தார். "ஏனுங்க அம்மணி, பெட்டி ரெடியாயிருச்சுங்களா?"

என்னவென்று சொல்வது? "இன்னும் ஆறலீங்கண்ணா," என்றேன்.

எது ஆறவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. "செரிங்க, ஆறுன பொறகே அனுப்புங்க," என்று வைத்துவிட்டார்.