சித்தி வீட்டை வெப்சைட்டில் போட்டவர்கள்

வேலந்தாவளம் ஜங்ஷனில் ஒரு மாட்டுத் தீவனக் கடைக்கு மேலே இருந்தது எங்கள் ஆபீஸ். சந்தை நாளில் ஜன்னலைத் திறந்தால் சாணி வாடை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலாளி உடனே மூக்கைச் சுளித்து ஊதுபத்தி கொளுத்துவார். எனக்குச் சாணி வாடை ஒரு கெடுதலும் செய்ததில்லை. கீழே மாடு வாங்குகிறவன் அதன் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறான், மடியைத் தொட்டுப் பார்க்கிறான், கொஞ்ச தூரம் நடக்கவிட்டும் பார்க்கிறான். மேலே நாங்கள் விற்ற சரக்கில் அப்படித் தொட்டுப் பார்க்க ஒன்றுமே கிடையாது. நாறினது மாடிதான்.

உள்ளூர்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து விற்பது எங்கள் தொழில். கேட்டபின் செய்வதில்லை, செய்துவிட்டுக் கேட்பது. அதுதான் முதலாளியின் கெட்டிக்காரத்தனம். ரோட்டில் போகும்போது வெப்சைட் இல்லாத பேக்கரியோ டயர் கடையோ கண்ணில் பட்டால் வண்டிக்குள்ளிருந்தே போட்டோ எடுப்பார். நான் உட்கார்ந்து சைட்டைச் செய்வேன். அதைப் போனில் வைத்துக்கொண்டு அவர் கடைக்காரர் முன்னால் போய் நிற்பார். தன் பெயர் பெரிய எழுத்தில் மின்னுவதைப் பார்த்தால் எந்த மனுஷனுக்குத்தான் மனசு இளகாது? இளகாத ஆளுக்கும் ஒரு மருந்து இருந்தது. உங்களுக்கு வேண்டாமென்றால் பரவாயில்லை, எதிர்க்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பார். எதிர்க்கடைக்காரருக்கு அப்படியொரு சங்கதியே தெரியாது. கடைசியில் அந்தச் சைட்டையே பெயரை மட்டும் மாற்றி அவர் தலையில் கட்டிவிடுவார்.

ஒரே பப்ஸ் போட்டோ கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூர் வரைக்கும் எத்தனை பேக்கரியில் வெந்தது என்று எனக்கே கணக்குத் தெரியாது. சைட்டுக்குக் கீழே வாடிக்கையாளர் சொன்னதாகப் புகழ்ச்சி எழுதுவதும் என் வேலைதான். எங்கள் கற்பனை வாடிக்கையாளர் ஒருவர் ஒரு கடையில் முடிவெட்டிக்கொண்டு, இன்னொரு இடத்தில் பல் பிடுங்கிக்கொண்டு, மூன்றாவது இடத்தில் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார். எல்லா இடத்திலும் அவருக்குப் பரம திருப்தி. கருமம்.

அங்கே ஏன் இருந்தாய் என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். நான் மூணாறு பக்கம் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். அம்மாவும் அப்பாவும் எஸ்டேட்டில் ஓய்வு பெற்றதும் லைன் வீட்டைக் காலி செய்து அப்பாவின் ஊரான தென்காசிப் பக்கம் போய்விட்டார்கள். லைன் வீடு என்பது தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த கம்பெனி வீடு. வேலை இருக்கும்வரைதான் கூரை. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு மலைக்குத் திரும்பினால் கொழுந்து பறிக்கலாம், இல்லையென்றால் ரிசார்ட் வாசலில் நின்று கைகூப்பலாம். அதனால் வேலந்தாவளத்திலேயே ஒரு ரூமெடுத்துத் தங்கிவிட்டேன்.

மலையில் எனக்கென்று மிஞ்சியது சித்தி வீடு ஒன்றுதான். சித்தி அம்மாவின் தங்கை. புருஷன் போய்ச் சேர்ந்தபின் கொழுந்து பறித்தே மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சித்தி அந்த லைனிலேயே பிறந்தவள், ஊர் என்று காட்ட அவளுக்கு வேறு மண் கிடையாது. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான் வீடு. ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் அவளே வாளியும் பிரஷ்ஷுமாக நின்று முன்சுவருக்கு நீலம் அடிப்பாள். ஸ்டார் கட்டுவாள். ஒரு கிறிஸ்துமஸுக்குப் போனபோது அந்த முகப்பைப் போட்டோ எடுத்து வந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் முகப்புப் படமாக வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் காலையில் வேலையைத் தொடங்குவேன்.

மூணாறு பக்கம் ஹோம்ஸ்டேக்கு ஏகக் கிராக்கி என்று முதலாளியின் கண் மலைமேல் திரும்பியது. சித்திரபுரத்துக்குக் கீழே கட்டடத்தைப் பாதி எழுப்பி நிறுத்தியிருந்த ஒரு ஆளைப் பிடித்தார். கூரை இல்லை, கதவு இல்லை, கக்கூஸுக்குக் குழி மட்டும் இருந்தது. ஆனாலும் அந்த ஆளுக்குக் கிறிஸ்துமஸ் சீசனுக்கே முன்பணத்தோடு புக்கிங் வேண்டுமாம். ஜாடிக்கேத்த மூடி. நான் ஞாயிறு ஆராதனைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்து பார்த்தால் முதலாளியே சைட்டைத் தயார் செய்து வைத்திருந்தார். 'தேயிலைத் தொழிலாளியின் வீட்டில் ஓர் இரவு' என்று தலைப்பு. அதன் கீழே என் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சித்தி வீடு. வழி காட்டும் மேப்பில் குறி நின்றதும் சித்தியின் லைனில்தான். கட்டி முடியாத கட்டடத்துக்கு விலாசம் ஏது? போட்டோவுக்குள் பதிவாகியிருந்த இடத்தையே குத்திவிட்டார்.

படத்தை எடுங்கள் என்றேன். லைன் வீட்டில் வெளியாளைக் காசுக்குத் தங்கவைத்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், அது கம்பெனிச் சட்டம் என்று விளக்கிச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனுஷன் என்று நினைத்திருப்பேன்.

"ஏனுங் அம்மிணி, ஊடு பாக்க லட்சணமா இருக்குதுங்க. லட்சணமா இருக்கறதப் போட்டா தப்புங்களா? அவிய கட்டி முடிக்கட்டும், மாத்திக்கலாமுங்க."

சொல்லிவிட்டு ஊதுபத்தி கொளுத்தினார். சைட்டின் பாஸ்வேர்டு அவரிடம்தான் இருந்தது. நான் தினமும் கேட்டேன், அவரும் தினமும் "ஆகட்டுங்க" என்றார். அந்த 'ங்க'வைக் கேட்டாலே எனக்குக் குமட்டும். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள். கட்டடக்காரருக்குப் போன் செய்தேன். வருகிறவர்களை வேறு இடத்தில் தங்கவைத்துக்கொள்வேன், உங்கள் லைனுக்கு ஒரு ஈயும் வராது என்று சத்தியம் செய்தார். அதை நம்பி விஷயத்தைச் சித்தியின் காதில் போடவில்லை. பண்டிகை நெருங்கினதும் அவர் போன் அணைந்துவிட்டது.

எங்கள் எஸ்டேட் லைன்களில் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எஸ்டேட்டுகளின் கிறிஸ்தவக் கோயில்களிலிருந்து பாட்டுக்குழு வீடுவீடாகக் கேரல் ரவுண்டு வரும். பாடி முடித்தபின் அந்தக் குளிரில் திரும்பிப் போக பஸ் ஏது? அதனால் ஆளாளுக்கு ஒரு வீட்டில் தங்குவார்கள். பை தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவரை யார், எவர் என்று கேட்பது மரியாதையில்லை. கோயில் அனுப்பிய ஆள், உள்ளே வா என்பதுதான் பேச்சு. வேறு எந்த ஊரிலாவது முன்பின் தெரியாதவர் பெட்டியோடு வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் வெந்நீர் போடுவார்கள்.

அந்த வருஷம் பாட்டுக்குழு வந்துபோன மறுநாள் சித்தி போன் செய்தாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"ஏட்டி, நேத்து நம்ம வீட்டுக்கும் ரெண்டு பேரு வந்திருந்தாவ, புருஷனும் பொஞ்சாதியும். கோயில்ல இருந்து அனுப்பிருக்காவ போல. நல்ல புள்ளைய, போட்டதச் சாப்பிட்டாவ. பாட்டுதான் ஒண்ணுகூட பாடல."

சைட்டைப் பார்த்து வந்தவர்கள்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெளிமாநிலத்துப் பெரிய நகரத்திலிருந்து வந்த அந்தத் தம்பதிக்குத் தமிழ் தெரியாது, சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது. மேப் காட்டிய இடத்துக்கு வந்தார்கள். நீலச் சுவரும் ஸ்டாரும் படத்தில் பார்த்தபடியே இருந்தன. காசு முன்பே கட்டடக்காரருக்குப் போய்விட்டதால் சித்தியிடம் காசைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர்களை முன்னறையில் படுக்கவைத்துவிட்டு, சித்தியும் அவள் மகளும் அடுப்படியில் சாக்கை விரித்துப் படுத்திருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பாதிதான் விளங்கியது. குளிரில் வந்த பிள்ளைகள், போகட்டும் என்றாள்.

விஷயம் அதோடு போகவில்லை. தம்பதி ஊருக்குப் போய்ப் புகழ்ந்து தள்ளி ஒரு விமர்சனம் போட்டார்கள். போலியில்லாத தொழிலாளி வீடு, கள்ளமில்லாத மனிதர்கள், கொடுத்த காசுக்குத் தகும் என்று எழுதி, கூடவே படங்களும் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றை இன்றும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. விடியற்காலையில் அடுப்படியில் சித்தியும் மகளும் கம்பளியை இழுத்துப் போர்த்தித் தூங்குகிற படம். வீட்டுக்காரர்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே தூங்குகிறார்கள், எவ்வளவு அழகு என்று கீழே ஒரு வரி. சீ! தன் அறையை விட்டுக்கொடுத்தவள் தூங்கும்போது எட்டிப் பார்த்துப் படம் எடுக்க அவர்களுக்கு எப்படி மனசு வந்தது?

முதலாளி அந்த விமர்சனத்தை ஆபீஸில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். பப்ஸ் வாங்கி வரச்சொன்னார். இத்தனை காலம் என்னைப் பொய் விமர்சனம் எழுதவைத்தவருக்கு முதன்முதலாக நிஜமான ஒன்று கிடைத்திருக்கிறதல்லவா, கொண்டாட்டம். அதைக் காட்டியே மலையில் இன்னும் சில ஹோம்ஸ்டேக்காரர்களிடம் சைட் விற்றார். நான் அந்தப் பப்ஸைத் தொடவில்லை.

சித்தியின் எஸ்டேட்டிலும் யாரோ அதை மேனேஜரான பெரிய தொரையின் போனில் காட்டிவிட்டார்கள். லைன் வீட்டை வாடகைக்கு விட்ட குற்றத்துக்கு ஏன் வீட்டைக் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று சித்தியை எஸ்டேட் ஆபீஸுக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வீடு போனால் மகளின் பள்ளிக்கூடமும் போச்சு. நான் லீவு போட்டுவிட்டு உடுமலைப்பேட்டை வழியாக பஸ் ஏறி மலைக்குப் போனேன்.

ஆபீஸ் வாசலில் யூனியன்காரர் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தார். யாரும் தங்கவில்லை, படமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒட்டுவேலை என்று ஒரே வார்த்தை சொன்னால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்ல மனுஷன், சொன்னதும் நல்ல யோசனைதான். சித்தி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். உள்ளே போனதும் விசாரணை அதிகாரி பாதி மலையாளமும் பாதி தமிழுமாக வீட்டில் ஆள் தங்கினார்களா என்று கேட்டார்.

"வந்தாவ, தங்குனாவ. சோறு போட்டேன். காசு வாங்கல சார்," என்றாள் சித்தி. யூனியன்காரர் தொண்டையைக் கனைத்தார். அவள் நிறுத்தவில்லை. "கர்த்தர் பொறந்த மாசத்துல வீடு தேடி வந்தவங்கள வரலன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

காசு கட்டியதாக அவர்களே எழுதியிருக்கிறார்களே என்று அதிகாரி போனைத் திருப்பிக் காட்டினார். நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். அப்படியென்றால் சைட்டை நடத்துகிறவரைச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இந்த அம்மா ஒரு பைசா வாங்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். தேனாக ஒரு குரல் வந்தது.

"நீங்க யாருன்னு தெரியலீங்களே. ராங் நம்பருங்க."

எத்தனையோ கடைக்காரர்களிடம் அவர் புளுகுவதைப் பக்கத்திலிருந்து கேட்டவள் நான். அன்றைக்குக் கேட்டதுபோல் ஒன்றைக் கேட்டதில்லை. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொய்க்காரியாகவும் சித்தி அதற்குக் கூட்டாளியாகவும் ஆகிவிட்டோம். த்தூ, அவனெல்லாம் ஒரு மனுஷன்.

யூனியன்காரர் விடாமல் பேசினார். இத்தனை வருட சர்வீஸில் சித்திமேல் ஒரு புகாரும் கிடையாது. கடைசியில் வீடு தப்பியது. ஆனால் ஒரு நிபந்தனை. கம்பெனிப் பதிவில் பெயர் உள்ள ஆளைத் தவிர வேறு எவரும் அந்த வீட்டில் ராத்தங்கக்கூடாது, தங்கினதாகத் தெரிந்தால் மறுபேச்சில்லாமல் காலி செய்ய வேண்டும். சித்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். வீடு நின்றுவிட்டதே என்று எனக்கு உயிர் திரும்பி வந்தது. நான் வேலந்தாவளம் போய் வேலையை விட்டேன். முதலாளி அப்போதும் கோபப்படவில்லை, "நல்லா இருங்க அம்மிணி" என்றார். வாசலில் துப்பிவிட்டு இறங்கினேன். உடுமலைப்பேட்டையில் ஒரு பிரிண்டிங் கடையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்குப் பையோடு மலை ஏறினேன். முன்சுவருக்குப் புது நீலம் அடித்திருந்தாள். முந்திரிக்கொத்து சுட்டு வைத்திருந்தாள். பாட்டுக்குழு சீக்கிரமே வந்துவிட்டது. முற்றத்தில் நின்று பாடினார்கள், சித்தி டீயை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை. டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். அங்கே கதவு அகலத் திறந்திருந்தது. பைகள் ஒவ்வொன்றாக உள்ளே போவதை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்குச் சுடச்சுடச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் என் பை வாசலில் இருந்தது.

"கெளம்பு புள்ள. மூணாறுக்குக் கடைசி பஸ்ஸு போயிரும். அங்க உன் கூடப்படிச்சவ வீட்டுல படுத்துக்கோ."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் உன் அக்கா மவ, சித்தி."

"அது எனக்குத் தெரியும். கம்பெனிக்குத் தெரியாதுல்லா."

ரோடு வரைக்கும் பையை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கேட்டும் தரவில்லை. பஸ் வந்ததும் பையை என் கையில் கொடுத்துவிட்டு, நான் போவதை யாராவது பார்க்கிறார்களா என்று லைன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, லைனுக்கே கேட்கும்படி சத்தமாக, "போயிட்டு வா" என்றாள்.